வெறும் தட்டில் முளைத்தது

வெறும் தட்டில் ஒன்றும் முளைக்கக் கூடாது. அதற்குத்தான் அது வெறும் தட்டு. ஆட்டின் மூக்குச்சளி எதையும் வைக்காமல், மற்றத் தட்டுகளோடு சேர்த்து அதையும் இன்குபேட்டருக்குள் வைப்பார்கள். மற்றவற்றில் பூஞ்சை வளர்ந்து, இது மட்டும் துடைத்துவிட்டாற்போல இருந்தால், வளர்ந்தது ஆட்டின் மூக்கிலிருந்து வந்தது என்று நம்பலாம். சும்மா இருப்பதற்காகவே மரியாதை பெற்றது அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அது ஒன்றுதான். சும்மா இருப்பவர்கள் வேறு சிலரும் அங்கே உண்டு. அவர்களுக்கு அந்த மரியாதை கிடையாது.

அன்று காலை வெறும் தட்டில் முளைத்திருந்தது.

வெள்ளையாக, மெழுகு பூசினாற்போல, ஒரு பொத்தான் அகலத்துக்குப் படர்ந்திருந்தது. மூடியின் உட்புறம் மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி மங்கியிருந்தது. சின்னவளுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. மற்றப் பூஞ்சைகள் வித்துகளை உதிர்க்கும். இது கவண்கல் மாதிரி விட்டெறியும். மூடியில் படிந்திருந்தது அது எறிந்த தூள். நோயாளி ஆடுகளின் தட்டுகளில் அவள் இத்தனை நாளும் ஆசை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்த அதே பூஞ்சை, கூப்பிடாத வீட்டிலும் வந்து சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது.

சின்னவள் என்பது வீட்டுப் பெயர். அக்காவுக்குப் பின் பிறந்தவள், அவ்வளவுதான் காரணம். அவசரமென்றால் அக்கா ஆராய்ச்சிக்கூடத்தின் பொதுத் தொலைபேசிக்கே அழைத்து, "சின்னவ இருக்காளா?" என்று கேட்பாள். எடுத்தவர்கள் "சின்னவளே, உங்க அக்கா" என்று குரல் கொடுத்துக் கொடுத்து, இங்கேயும் அதுவே நிலைத்துவிட்டது.

தட்டைப் பார்த்ததும் அவள் செய்த முதல் காரியம் தன்னைச் சந்தேகித்தது. அது அவளுக்குக் கைவந்த கலை. பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, இழுத்ததில் பூட்டு திறந்திருக்குமோ என்று மறுபடி பார்ப்பவள். தட்டு மாறியிருக்குமோ என்று நினைத்தாள். அதற்கு வழியில்லை, மூடிகள் மாறிப்போகும் என்பதற்காகவே மூடியிலும் எழுதி, தட்டின் அடியிலும் எழுதுகிறவள் அவள். கை கழுவாமல் தொட்டிருப்பாளோ? கையுறையைக் கழுவிப் பிறகு மாற்றியும் இருந்தாள். தும்மியிருப்பாளோ? தும்மல் வந்தால் வராந்தாவுக்கு ஓடுவாள். தன்னிடம் குற்றம் கண்டுபிடிக்க முடியாதது அவளுக்கு ஆறுதலாக இல்லை. இன்னும் சரியாகத் தேடவில்லை என்றுதான் தோன்றியது.

தட்டு கெட்டுப்போனால் வேறு தட்டு வைத்துக்கொள்ள வேண்டியதுதானே, இதற்கு ஏன் இத்தனை கலக்கம் என்று கேட்கலாம். கலக்கத்துக்குக் காரணம், அந்தச் சளி அக்காவின் ஆடுகளுடையது.

அக்காவும் மாமாவும் ஆடு வளர்க்கிறார்கள். வேறு தொழில் தெரியாது; தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. மழை ஓய்ந்த கையோடு பட்டியில் சில ஆடுகள் மூச்சு விடுவதற்கே பாடுபடத் தொடங்கின. முதலில் மூக்கின் ஒரு பக்கம் சளி, பிறகு இரத்தம், பிறகு முகம் ஒரு பக்கமாக வீங்கி, கண் பிதுங்கி நின்றது. கொட்டகைக்கு வெளியே நின்றாலே குறட்டைச் சத்தம் கேட்டது. முதலில் வீங்கியது சீமாட்டிக்கு. மற்ற ஆடுகள் ஒதுங்கி வழிவிட்ட பிறகுதான் தண்ணீர்த் தொட்டிக்கு வருவாள் என்பதால் மாமா வைத்த பெயர் அது. அக்கா புட்டியில் பால் கொடுத்து வளர்த்த பெட்டை.

கால்நடை அதிகாரி வந்து பார்த்து, இரண்டில் ஒன்று என்றார். ஈர வைக்கோலிலும் மட்கிய இலையிலும் வாழ்கிற ஒரு பூஞ்சை மூக்குக்குள் குடியேறியிருக்கலாம். அப்படியானால் ஆட்டிலிருந்து ஆட்டுக்குத் தொற்றாது. கொட்டகையைக் காயவைத்து, வைக்கோலை அப்புறப்படுத்தினால் மற்ற ஆடுகள் பிழைத்துக்கொள்ளும். அல்லது, மூக்கினுள் கட்டி. அது ஒரு வைரஸால் வருவது. ஆட்டுக்கு ஆடு தொற்றும். இரத்தத்தில் தேடினால் அகப்படாது. அதுதான் என்றால், நோய் கண்டது காணாதது என்ற பேதமில்லாமல் பட்டி முழுவதையும் அழித்துவிட வேண்டும். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தனக்கும் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வண்டி முனை திரும்புகிறவரை பொறுத்திருந்து, "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்" என்றாள் அக்கா.

ஆக, பூஞ்சை என்றால் பட்டி இருக்கும். கட்டி என்றால் இருக்காது.

சின்னவளின் மேலதிகாரிக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் 'ஆனாலும் சார்' என்று பெயர். மின்விசிறி சுற்றுகிறது என்று சொன்னாலும், நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சுத்துது, ஆனாலும்..." என்பார். சொந்த அக்காவின் ஆடுகளை நீங்கள் சோதிப்பது முறையில்லை என்று அவர் ஆரம்பத்திலேயே சொன்னார். ஆனாலும் வேறு ஆள் இல்லை என்றும் சொன்னார். சோதிக்கும்போது இதுதான் வர வேண்டும் என்ற ஆசை ஒன்று உள்ளே இருக்கும், அதன் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். சின்னவள் தலையாட்டினாள். நோயாளி ஆடுகளின் தட்டுகளில் பூஞ்சை வெள்ளையாகத் தலைகாட்டிய அன்று, அந்தக் கண்ணை மூடிக்கொண்டு அக்காவுக்குப் போன் செய்தாள். பூஞ்சை மாதிரிதான் தெரிகிறது என்று சொன்னாள். அக்கா அந்த 'மாதிரி'யை வாசலிலேயே நிறுத்திவிட்டு, பூஞ்சையை மட்டும் உள்ளே அழைத்துக்கொண்டாள்.

அப்புறம் நோயில்லாத ஆட்டின் தட்டிலும் முளைத்தது. அதுவும் அதே கொட்டகையில்தானே மூச்சு விடுகிறது என்று சின்னவள் சமாதானம் செய்துகொண்டாள். வெறும் தட்டுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. அது மூச்சே விடுவதில்லை.

முதல் பழி அண்டா அக்கா மேல் விழுந்தது. பூஞ்சைக்கான உணவைக் கூழ்போலக் காய்ச்சித் தட்டுகளில் ஊற்றுகிற வேலை அவருடையது. காய்ச்சுகிற பாத்திரத்தால் வந்த பெயர். சின்னவள் சுற்றி வளைத்து, நோகாமல்தான் கேட்டாள். ஆனாலும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"என் அண்டாவச் சொல்லாதே. நான் கொதிக்க வச்சதுல கிருமி இருந்தா, அது கிருமியே இல்ல, தீ மிதிக்கிற சாமியார்" என்றார் அண்டா அக்கா. "நீ வேணும்னா பிரிக்காத தட்டு நாலு எடுத்துட்டுப் போய்ப் பாரு. முளைச்சா நான் நாளைக்கே வேலைய விட்டுடறேன்."

முளைக்கவில்லை. அண்டா அக்கா வேலையில் தொடர்ந்தார்.

சின்னவள் அறையின் ஒவ்வோர் இடத்திலும் திறந்த தட்டுகளை வைத்தாள். ஜன்னல் ஓரம், மேசை, குளிர்சாதனத்தின் காற்று விழும் இடம், கதவுக்குப் பின்னால். அவற்றில் ஏதேதோ முளைத்தன, பச்சையும் கறுப்புமாக, எல்லா அறைக் காற்றிலும் இருக்கிற நாடோடிகள். அந்த வெள்ளை மட்டும் எங்கும் வரவில்லை. காற்றில் இல்லை, கூழில் இல்லை, கையில் இல்லை. ஆனால் இன்குபேட்டருக்குள் அடுக்கில் வைத்தால் வந்தது. மூடிய பெட்டிக்குள், மூடிய தட்டுக்குள். அவள் குழப்பத்தில், தட்டுகளின் மேல் நம்பிக்கை வைத்தால்தான் அவை ஒழுங்காக நடந்துகொள்ளும் போலிருக்கிறது என்றுகூட நினைத்தாள். ஒரு முறை யாரும் பார்க்காதபோது வெறும் தட்டிடம், "நீ பேசாம இரு, புரியுதா?" என்று சொல்லி உள்ளே வைத்தாள்.

அந்தத் தட்டுதான் பேசியது.

மறுநாள் அதில் படர்ந்த வெள்ளை எதுவுமில்லை. புள்ளிகள்தான் இருந்தன, கடுகைவிடச் சிறியவை. விளிம்பில் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக நடுப்பகுதிவரை வந்து, அங்கே கொஞ்சம் தயங்கியதுபோல நெருக்கமாகி, வளைந்து, மறுபடி விளிம்புக்குப் போயின. சின்னவள் அதை வெகுநேரம் பார்த்தாள். எங்கேயோ பார்த்த கோடு. துடைத்த தரையில் யாரோ ஈரக் காலோடு நடந்துவிட்டுப் போனால் இப்படித்தான் இருக்கும்.

நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். ஒரு உப்புக்கல்லுக்குக் கால் முளைத்தாற்போல, பளபளவென்று ஒன்று, தட்டின் ஓரத்தில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பூச்சி. வெறுங்கண்ணுக்குத் தூசி. அதன் முதுகு மயிர்களில் உருண்டையான வித்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கால் வைத்த இடமெல்லாம் விதைத்துக்கொண்டு போனது. மூடிக்கும் தட்டுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கு அதற்கு அரண்மனை வாசல்.

எங்கிருந்து வந்தது என்று தேட அவள் தூரம் போகவில்லை. தட்டுகள் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தாள். பெட்டி அவளைப் பார்த்தது.

சளி எடுத்த குழாய்களை மாமா அனுப்பிவைத்த பெட்டி அது. கண்ணாடிக் குழாய் உடைந்துவிடக் கூடாதென்று கொட்டகை வைக்கோலை நெருக்கி நெருக்கி வைத்து, முட்டை அனுப்புகிற பக்குவத்தோடு அனுப்பியிருந்தார். சின்னவள் குழாய்களை எடுத்துக்கொண்டு, வைக்கோலைக் குப்பையில் கொட்டிவிட்டாள். பெட்டியைக் கொட்ட மனம் வரவில்லை. நல்ல பெட்டி. உறுதியான அட்டை, ஒரு மூலைகூட நசுங்கவில்லை. நல்ல பெட்டியை எறிகிற வழக்கம் அவர்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. அம்மாவின் கட்டிலுக்கு அடியில் பெட்டிகளை வைப்பதற்கென்றே பெட்டிகள் உண்டு. இன்குபேட்டரின் கம்பித் தட்டில் தட்டுகள் ஆடி ஆடிச் சரிந்துகொண்டிருந்தன. பெட்டி அளவெடுத்தாற்போல உள்ளே பொருந்தியது. ஈரத் துணியால் துடைத்தாள், மருந்து தெளித்தாள், காயவைத்தாள். அட்டையின் மடிப்புகளுக்கு உள்ளே, அலை அலையாக இருக்கிற அந்தச் சின்னச் சந்துகளில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. நல்ல கதகதப்பு, ஈரம், பக்கத்திலேயே கூழ். பூச்சிகளுக்கு அதைவிட என்ன வேண்டும்?

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவள் கொஞ்ச நேரம் இரண்டையும் செய்யாமல் நின்றாள். பிறகு ஆனாலும் சாரிடம் போய், ஒன்று விடாமல் சொன்னாள்.

அவர் தட்டை வாங்கிப் பார்த்தார். கால்தடத்தைப் பார்த்து ரசித்தார் என்றே சொல்ல வேண்டும். எல்லாத் தட்டுகளும் செல்லாதவை ஆகிவிட்டன என்றார். நோயாளி ஆட்டின் தட்டில் வளர்ந்தது மூக்கிலிருந்து வந்ததா, பூச்சியின் காலிலிருந்து வந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

"வைக்கோல்ல அந்தப் பூஞ்சை இருக்குன்னு தெரிஞ்சுடுச்சே சார்" என்றாள் சின்னவள். குரலில் கெஞ்சல் கலந்துவிட்டது அவளுக்கே கேட்டது.

"இருக்கு. ஆனாலும் வைக்கோல்ல இருக்கிறது எல்லாம் வியாதி ஆயிடாதும்மா. ஆடு தினம் அதைத்தான் மோந்து பார்க்குது. மூக்குல நாலு வித்து ஒட்டியிருக்கும்தான். அந்த வீக்கத்துக்குள்ள பூஞ்சை வேர் விட்டிருக்கா? அதான் கேள்வி."

மறுபடி சளி எடுத்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. வீக்கத்தின் சதை வேண்டும். அது மூக்கின் ஆழத்தில், கண்ணுக்குப் பின்னால், எலும்புக்கு நடுவில் இருக்கிறது. உயிரோடு இருக்கிற ஆட்டிடம் கேட்டு வாங்கக்கூடிய இடமில்லை. அதிகாரியோ வார முடிவுக்குள் இரண்டில் ஒன்றைச் சொல்லும்படி கேட்டிருந்தார். சொல்லாவிட்டால் தொற்று நோய் என்றே வைத்துக்கொள்வார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அதுவும் நியாயம்தான். வீக்கம் நன்றாக முற்றிய ஓர் ஆட்டைக் கொன்று பார்க்க வேண்டும்.

நன்றாக முற்றியது யாருக்கு என்று சின்னவளுக்குக் கேட்காமலே தெரியும்.

அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போனாள். போனில் சொல்கிற விஷயமில்லை. போனில் சொன்ன விஷயத்தைத்தான் இப்போது நேரில் போய்த் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. மாமா கொட்டகைக் கதவுக்குக் கீல் பொருத்திக்கொண்டிருந்தார். பூஞ்சை என்று தெரிந்ததிலிருந்து அவருக்குக் கொட்டகையைச் சீர்செய்கிற உற்சாகம் வந்திருந்தது. "வாங்க டாக்டரம்மா" என்றார். அவள் டாக்டர் இல்லை என்று பல முறை சொல்லியாகிவிட்டது. குழாய் ஒன்றுகூட உடையாமல் வந்து சேர்ந்ததா என்று கேட்டார். நன்றாக வந்து சேர்ந்தன என்றாள். இதை இன்றைக்குச் சொல்லாவிட்டால் என்றைக்கும் சொல்ல மாட்டோம் என்று நினைத்து, பெட்டியை, பூச்சியை, வெறும் தட்டை, எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டியை வைத்துக்கொண்டது தன் தப்பு என்று இரண்டு முறை சொன்னாள்.

மாமா திருப்புளியைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கணக்கில் ஒரு படி விடுபட்ட மாணவனின் முகம்தான் இருந்தது.

"இரு. பூச்சி நம்ம வைக்கோல்ல இருந்து வந்துச்சு."

"ஆமா மாமா."

"பூஞ்சையும் அதோட வந்துச்சு. அப்ப நம்ம வைக்கோல்ல பூஞ்சை இருக்கு."

"இருக்கு."

"அதைத்தான நீயும் மொதல்ல சொன்னே? இப்ப மட்டும் என்ன மாறிப் போச்சு?"

"வைக்கோல்ல இருக்கு மாமா. மூக்குக்குள்ள இருக்கான்னு தெரியல."

"வைக்கோலத் திங்கப் போறப்ப ஆடு மூக்க எங்க கழட்டி வச்சுட்டுப் போகும்?"

சின்னவளுக்குப் பதில் தெரியும். ஆனால் மாமா கேட்ட விதத்தில் கேள்வி அவ்வளவு திடமாக நின்றது. தன் பதில் காகிதத்தில் செய்ததுபோலத் தோன்றியது. ஒரு வேளை அவர் சொல்வதுதான் சரியோ? கட்டியாக இருந்தாலும் இதே வைக்கோலும் இதே பூச்சியும்தான் இருந்திருக்கும், தட்டில் இதேதான் முளைத்திருக்கும் என்று விளக்கினாள். பாதியில் தனக்கே சந்தேகம் வந்து, மறுபடி தொடக்கத்திலிருந்து விளக்கினாள். வீங்கிய ஓர் ஆட்டைக் கொன்று பார்த்தால்தான் தெரியும் என்பதில் கொண்டுவந்து முடித்தாள்.

அக்கா இத்தனை நேரமும் சீமாட்டியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூக்கைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"யாரைக் கேக்கிறாங்க?"

சின்னவள் சீமாட்டியைப் பார்த்தாள்.

"இவளையா?"

"வீக்கம் முத்துனாத்தான் தெளிவாத் தெரியும்னு..."

"நீ தெளிவாத் தெரிஞ்சுக்கணும்னு இவ பொறந்தாளாக்கும்" என்றாள் அக்கா. துணியை மறுபக்கம் மடித்துக்கொண்டே, "கட்டின்னு வந்துட்டா?" என்று கேட்டாள்.

"எல்லாம் போயிடும்."

"பாக்காமயே விட்டா?"

"அப்பவும் எல்லாம் போயிடும்."

மாமா அங்கிருந்து நகர்ந்து, பொருத்தி முடித்த கீலை மறுபடி கழற்ற ஆரம்பித்தார். சீமாட்டி வாயால் மூச்சு இழுத்துக்கொண்டு, பிதுங்கிய கண்ணால் மூவரையும் வேலைக்காரர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

காலையில் வண்டி வந்தபோது அக்கா யாரையும் கயிற்றைத் தொடவிடவில்லை. தானே நடத்திக்கொண்டு போனாள். பலகையில் ஏறச் சீமாட்டி யோசித்தாள். அக்கா இழுக்கவில்லை. ஒதுங்கி நின்று வழிவிட்டாள். அப்புறம் சீமாட்டி தானாக ஏறினாள்.

சின்னவள் அறுவை அறைக்குள் நிற்க வேண்டிய அவசியமில்லை என்று ஆனாலும் சார் சொன்னார். நின்றாள். அதிகாரியே வந்திருந்தார், இரம்பம் பிடிப்பதில் அவர் கை நிதானமாக இருந்தது. முகத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தபோது, மூக்கின் பின்புறத்தில், ஒரு புளியங்கொட்டைக் குவியல் அளவுக்கு, மஞ்சளும் சாம்பலுமாகக் குருணை குருணையாக ஒன்று தெரிந்தது. மூன்று பேரும் குனிந்தார்கள். அதிகாரி, கட்டியும் சில சமயம் இப்படி இருக்கும் என்றார். ஆனாலும் சார், பூஞ்சையும் இப்படி இருக்கும் என்றார். சின்னவளுக்கு ஒரு கண்ணால் பார்த்தால் பூஞ்சையாகவும் மறு கண்ணால் பார்த்தால் கட்டியாகவும் தெரிந்தது. ஆசை ஒரு கண்ணில், பயம் மறு கண்ணில். இரண்டையும் மூடித் திறந்தாள். அது குருணையாகவே இருந்தது.

சதையைத் துண்டு போட்டு மருந்தில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றுவதற்குள் வாரம் முடியப் பார்த்தது. எதற்கும் அவசரப்படுத்த முடியாது. ஊறுகிற நேரம் ஊறித்தான் ஆக வேண்டும். அந்த நாட்களில் அக்காவிடமிருந்து அழைப்பு வரவில்லை. பொதுத் தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் சின்னவள் நிமிர்ந்தாள். அண்டா அக்கா அவள் மேசைக்கு வந்து, கேட்காமலே ஒரு தேநீர் வைத்துவிட்டு, "பெட்டிய எரிச்சாச்சு. நல்ல பெட்டிதான். என்ன பண்றது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கண்ணாடித் துண்டு தயாரானபோது அவளையே முதலில் பார்க்கச் சொன்னார் ஆனாலும் சார். பூஞ்சை இருந்தால் அந்தச் சாயத்தில் கறுப்பாகத் தெரியும். சின்னவள் குவியத்தைத் திருப்பினாள். பச்சைப் பின்னணியில் ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். ஒன்றுமில்லை. மாமாவின் புதுக் கீலும் அக்கா ஒதுங்கி நின்றதும் நினைவுக்கு வந்தன. மறுபடி நகர்த்தினாள்.

இழைகள் இருந்தன. தடித்து, கோணல்மாணலாக, மழை நீரில் ஊறிய கயிற்றுத் துண்டுகள்போலச் சதைக்குள் நாலாபக்கமும் ஓடியிருந்தன. அடுத்த துண்டில் வேறு சாயம். அதில் ஒவ்வோர் இழையையும் சுற்றி இளஞ்சிவப்பில் ஓர் உறை. அது ஆட்டின் உடம்பு செய்தது. உள்ளே வந்தவனை, ஆடு உயிரோடு இருந்தபோதே சுற்றி வளைத்துச் சண்டை போட்டதற்கு அடையாளம். அந்த இடத்துக்கு எந்தப் பூச்சியும் நடந்து போயிருக்க முடியாது. கட்டியின் செல்கள் எங்கேயும் இல்லை. அதையும் தேடி, இல்லை என்று தெரிந்த பிறகும் தேடினாள்.

ஆனாலும் சார் உட்கார்ந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அவர் தன் சொல்லைச் சொல்வதற்காகச் சின்னவள் காத்துக்கொண்டு நின்றாள். "பூஞ்சைதான்" என்றார், அவ்வளவுதான். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. உங்க மொதல் தட்டு சொன்னதும் இதைத்தான். ஆனாலும் அது சொன்னது செல்லாது" என்றார்.

அதிகாரி பட்டியை அழிக்க வேண்டியதில்லை என்று எழுதிக் கொடுத்தார். கொட்டகை காய வேண்டும், பழைய வைக்கோல் ஒரு துரும்புகூட இருக்கக் கூடாது. ஏற்கெனவே வீங்கிய ஆடுகளைத் தனியே கட்ட வேண்டும்; அவை தேறுவது சந்தேகம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

செய்தியை எடுத்துக்கொண்டு போகும்போது சின்னவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். சரியாகச் சொன்னால், சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பட்டி பிழைத்தது. பதில் உறுதியானது. அப்படியும் நெஞ்சில் எங்கேயோ ஒரு கணக்கு ஒட்டாமல் நின்றது. எந்த வரியில் என்று தெரியவில்லை.

மாமா வைக்கோலை வெளியே குவித்து எரித்துக்கொண்டிருந்தார். கேட்டதும் கையிலிருந்த கவைக்கோலை ஊன்றி அதன் மேல் தாடையை வைத்துக்கொண்டார். "அதான் நான் அன்னைக்கே சொன்னேனே" என்றார், மெதுவாக. வெற்றிக் குரல் இல்லை அது. புகை வந்ததோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா கொட்டகைக்குள் இருந்தாள். கழுவிய தரை, ஒரு மூலையில் மட்டும் ஈரம். சின்னவள் சொன்னதை முழுவதும் கேட்டுக்கொண்டாள். இழைகளை, இளஞ்சிவப்பு உறையை, சீமாட்டியின் உடம்பு சண்டை போட்டதை, எல்லாவற்றையும்.

"ஆக, மொதல் நாள் போன்ல சொன்னியே, அதேதான்."

"அதேதான் அக்கா."

"அப்ப எதுக்குடி அவளைக் கொன்னோம்?"

"அன்னைக்கு எனக்குத் தெரியாது அக்கா."

"தெரியாமத்தான் சொன்னியா?"

"தெரியும்னு நெனச்சுச் சொன்னேன். தெரியாதுன்னு அப்புறம் தெரிஞ்சுது."

"இப்ப?"

"இப்பத் தெரியும்."

அக்கா அதை மனதுக்குள் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். சின்னவளும் திருப்பிப் பார்த்தாள். தெரியாமல் சொன்னபோது சரியாக இருந்தது, சீமாட்டியும் இருந்தாள். தெரிந்துகொண்டபோது அதே பதில், சீமாட்டி இல்லை. நடுவில் நடந்தது அவசியம் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் எதை வாங்கிக்கொண்டு வந்தோம் என்று கையைப் பிரித்துக் காட்டச் சொன்னால் காட்ட ஒன்றுமில்லாததுபோல இருந்தது. வெறும் தட்டு மாதிரி. பட்டியில் இத்தனை ஆடுகள் நிற்கின்றனவே, அவைதான் அது என்று சொல்லலாமா? அவை நேற்றும் நின்றன.

"எனக்கு ஒண்ணும் புரியல" என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை.

"எனக்கும் பாதிதான் புரியுது."

"படிச்சவளுக்குப் பாதி. அப்ப எனக்குப் புரியாதது சரிதான்."

அக்கா எழுந்து, ஓரமாகக் கட்டியிருந்த சின்னப் பெட்டையை இழுத்து வந்தாள். அதன் மூக்கின் ஒரு பக்கம் ஈரமாக இருந்தது. வீக்கம் இல்லை, இல்லை என்றுதான் தோன்றியது. தலையை வெளிச்சத்துக்குத் திருப்பி, இதற்கும் அதேதானா என்று கேட்டாள். சின்னவள் குனிந்து பார்த்தாள். ஆமாம் என்று வாய் வரை வந்தது. வெறும் சளியாகவும் இருக்கலாம். ஆமாம் என்று முன்பு ஒரு முறை சொன்னது நினைவுக்கு வந்தது. இல்லை என்று சொல்லவும் வழியில்லை.

"இப்பச் சொல்ல முடியாது அக்கா."

அக்கா ஆட்டின் கழுத்தை அவள் கையில் கொடுத்தாள். "சரி, புடி. மூக்கத் தொடைக்கணும். அதுக்கு ஒண்ணும் தெரிய வேணாம்."

சின்னவள் மண்டியிட்டு ஆட்டின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சூடான மூச்சு மணிக்கட்டில் பட்டது. ஒரு பக்கம் தாராளமாகவும், மறு பக்கம் கொஞ்சம் தடங்கலாகவும். அல்லது அப்படி அவளுக்குத் தோன்றியது. அக்கா துணியை நனைத்துப் பிழிந்து மூக்கருகில் கொண்டுபோனாள். ஆடு தலையை உதறி, சின்னவளின் முகத்திலும் கழுத்திலும் சட்டைக் கையிலுமாக ஒரு தும்மல் போட்டது.

அந்த வாரம் முழுவதும் சிரிக்காத அக்கா, துணியால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

"இந்தா" என்றாள். "சாம்பிள். பெட்டி இல்லாம எடுத்துட்டுப் போ."